இரு தட்டும் தாழ்ந்த தராசு

பால்மாவுக்கு ஊரே வரிசையில் நின்ற இரண்டாயிரத்து இருபத்திரண்டில், ஆவணி மாதம், கெலிஓயாவில் கிருஷ்ணராஜின் பலசரக்குக் கடைத் தராசு சொற்களை நிறுக்கத் தொடங்கியது. பிலிமத்தலாவையில் வாங்கிய சாதாரணப் பித்தளைத் தராசுதான். ஒரு தட்டின் மேல் குனிந்து ஒரு சொல்லைச் சொன்னால் அது தாழும். மற்றத் தட்டில் வேறு பாஷைச் சொல் ஒன்றைச் சொன்னால், இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவையாக இருந்தால் மட்டும் முள் நடுவில் நிற்கும். நம்முடைய 'கடை'யும் சிங்களக் 'கடே'யும் சரிசமம். தமிழ் மேசையும் சிங்கள மேசயவும் ஒரே போர்த்துக்கேயக் கப்பலில் வந்தவை, இம்மியும் பிசகவில்லை. சிங்களத் 'தே'யும் இங்கிலீஷ் 'டீ'யும் ஏதோ சீனக் கரையில் கூடப் பிறந்தவையாம். இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டத்தைப் பக்கத்தில் வைத்திருக்கும் தெல்தோட்டைக்காரர்களுக்கு அதில் தனிப் பெருமை. நாக்கைச் சொல்லும் நம் 'நா'வும் நாக மரத்தைச் சொல்லும் சிங்கள 'நா'வும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தும் ஒட்டவே இல்லை. முதல் மாதம் கூட்டம் நெரிந்தது. பிறகு சனம் பழகிவிட்டது. பருப்பு வாங்க வந்தவர்கள் போகிற போக்கில் ஒரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு சொற்களை மட்டும் கிருஷ்ணராஜ் நிறுக்க விடவில்லை: அம்மா, உம்மா. அவனைப் பெற்றவள் அவன் பிறந்த நாற்பதாம் நாளில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த வீட்டு ஹவ்வா உம்மாதான் தன் கைக்குழந்தை அரூஸோடு சேர்த்து இவனுக்கும் பால் கொடுத்து வளர்த்தாள். அம்மா என்று அவன் படத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறான். உம்மா என்று ஒரு நாளைக்கு நூறு தடவை. இரண்டுக்கும் உறவில்லை என்று தராசு சொல்லிவிட்டால்? கோபமே தெரியாத மனுஷன், யாராவது அந்தச் சொற்களோடு குனிந்தால் தட்டைக் கையால் பொத்திவிடுவான்.

இரண்டு வருடம் கழித்துக் கிருஷாந்தியை அவனுக்குப் பேசி முடித்தபோது அந்தப் பயம் வாசலுக்கே வந்தது. தாலி கட்டி வீட்டுக்கு வரும் பொண்ணு மாப்பிள்ளைக்குப் பால்பழம் கொடுப்பது மாப்பிள்ளையின் தாய். ஹவ்வா உம்மாதான் கொடுக்க வேண்டும் என்று அவன் பிடிவாதமாக நின்றான். தெல்தோட்டையிலிருந்து வந்திருந்த இராஜகுமாரி அத்தை நல்லவள்தான், ஆனால் முறை என்றால் அவளுக்கு முறை.

"அவங்க தங்கமானவங்க ராசா, நான் இல்லேங்கல. ஆனா பால்பழம் சொந்தந்தானே குடுக்கணும்? ஒன் தராசு சொந்தம் பாக்குமே, வச்சுப் பாரேன்."

அரூஸின் ஐந்து மாத மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்த ஹவ்வா உம்மாவின் காதில் அது விழுந்தது. "ஏன் மகன், பயந்துபோய் ஈக்கிற? நிறுங்க," என்றாள்.

ஒரு தட்டில் அம்மா என்றான். மற்றதில் உம்மா என்றான். முள் ஒரேயடியாகச் சாய்ந்தது. ஒன்று இந்த மண்ணின் சொல், மற்றது அரபு நாட்டிலிருந்து வந்தது. தராசு பொய் சொல்லவில்லை. ஜெயித்த அத்தைக்கே முகம் வாடிவிட்டது. கிருஷ்ணராஜ் தன் சொந்தக் கடையில் அநாதையாக நின்றான்.

முள்ளைப் பார்க்க ஹவ்வா உம்மா குனிந்தாள். பசியெடுத்திருந்த குழந்தை அவளுடைய தோளைச் சப்பிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல், "ம்மா... ம்மா..." என்றது. அது தமிழும் இல்லை, அரபும் இல்லை; பால் தேடும் வாய் போடும் சத்தம். இரண்டு தட்டுகளும் ஒன்றாகத் தாழ்ந்து, மேசையைத் தொட்டு, அப்படியே நின்றன. மேலே போக எந்தப் பக்கமும் மிஞ்சவில்லை.

"ரத்தத்துல சொந்தமில்ல மகன்," என்றாள் ஹவ்வா உம்மா. "பால்ல சொந்தம். எங்கட மார்க்கத்துல அதுவும் சொந்தந்தான்."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப பசும்பாலுக்குச் சொல்லி வைங்க. பால்மா கரைக்க வேணாம்."

கல்யாணத்தன்று ஹவ்வா உம்மா பால்பழம் கொடுத்தாள். கிருஷ்ணராஜ் டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை விடவில்லை. பருப்பு நிறுக்க மின்தராசு வந்துவிட்டது. பழைய தராசு இரு தட்டும் தாழ்ந்தபடி மேசையிலேயே இருக்கிறது. வருடாவருடம் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்த வரும் அதிகாரி ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தார். மற்றதும் கூடவே எழுந்தது. விட்டார், இரண்டும் சேர்ந்து இறங்கின. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, புத்தகத்தில் 'பழுதில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.