ஊமைக் குப்பிக்குப் பேச்சுத் துணை

செவ்வாய்க்கிழமை சாக வேண்டிய ஊமைக் குப்பி அன்று சாகவில்லை. புதனும் வியாழனும்கூடச் சாகவில்லை. மீன் நோய்ப் பரிசோதனைக்கூடத்தில் எட்டு மாதமாக எந்த ஊமைக் குப்பியும் சாகவில்லை என்று அதிகாரி கண்டுபிடித்தது அப்போதுதான். எதையும் மூன்றுமுறை பார்ப்பவர் என்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

குப்பிக்குள் இருந்தவை ஒரு மீனின் துடுப்பிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். மீன் செத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. துடுப்பு மட்டும் குப்பியின் அடியில் பாய் விரித்ததுபோல் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. சாதாரணச் செல்லுக்குள் வைரஸ் நுழைந்தால் அது அக்கம்பக்கத்துக்குக் குரல் கொடுக்கும். மற்றவை கதவைத் தாழிட்டுக்கொள்ளும். அப்படிப்பட்ட செல்கள் இருந்த குப்பியை வாயாடி என்றார்கள். அந்தக் குரலுக்கான மரபணுவை வெட்டியெடுத்த செல்கள் இருந்தது ஊமை. குளத்து மீனிடம் துளி நோய் இருந்தாலும், அதன் மாதிரியை ஊமைக்குள் விட்ட மூன்றாம் நாள் பாய் கிழிந்து மிதக்கும். குளத்து மீன்கள் சாகுமுன் ஊமை செத்துச் சேதி சொல்லும். அதற்காகவே அதை வளர்த்தார்கள்.

செவ்வாயன்று சாகாத குப்பியில் இருந்தது, குப்பிகளைப் பராமரித்த அக்காவின் சொந்த அண்ணனுடைய குளத்து மாதிரி. அங்கே மீன்கள் சிவப்புப் புண்ணோடு கரையோரம் ஒதுங்க, இங்கே குப்பி குத்துக்கல்லாட்டம் இருந்தது. நோய் உறுதியானால் குளத்தில் மருந்தைக் கொட்டி மீன்களை மொத்தமாகக் கொல்ல வேண்டும். அண்ணனுக்கு அந்தக் குளத்தை விட்டால் வேறு பிழைப்பில்லை. பூதக்கண்ணாடி கூட்டிக் கழித்துப் பார்த்தார்.

“என்னம்மா, மாதிரிய வேகவெச்சு ஊத்துறியா?”

“வேகவெச்சிருந்தா மத்தியானம் தட்டுல ஊத்திச் சாப்பிட்டிருப்பேனே சார்.”

அவர் சிரிக்கவில்லை. குப்பைக்கூடையைக் கிளறினார். கதவுக் கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் விரல்களைப் பார்த்தார். கடைசியில், உறைபெட்டியிலிருந்து வைரஸை எடுத்துத் தானே ஒரு ஊமைக்குள் விட்டு, மூடிமேல் கையெழுத்திட்ட நாடாவைச் சுற்றி, இன்குபேட்டரில் அவள் காட்டிய இடத்தில் வைத்துப் பூட்டினார். சாவி மூன்று நாளும் அவர் சட்டைப்பையில் இருந்தது. திறந்தபோது பாயில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. தன் கையெழுத்தைத் தானே இரண்டுமுறை சரிபார்த்தார். அன்று முழுக்கத் தன் வலது கையை அவர் நம்பவில்லை. டீயைக்கூட இடது கையால் குடித்தார்.

“உண்மையச் சொல்லும்மா. என்னதான் பண்ற?”

“ஒண்ணும் பண்ணல சார். வாயாடிய அது பக்கத்துல ஒட்டி வெச்சேன். தனியா நோய்ல கெடக்கே, பேச்சுத் துணைக்கு இருக்கட்டுமேன்னு.”

அவற்றைத் தனித்தனித் தட்டில் வைக்க வேண்டும் என்பது விதி. பூதக்கண்ணாடி ஊமையை அடுத்த அறைக்குக் கொண்டுபோனார். மூன்றாம் நாள் செத்தது. வாயாடியை ஒட்டி வைத்தார், பிழைத்தது. பதினொரு முறை மாற்றி மாற்றி வைத்தும் அப்படியே. மூடியைத் திறக்காமல், இரண்டு கண்ணாடிச் சுவர்களைத் தாண்டி, வாயாடி தன் பக்கத்து வீட்டுக்குச் சேதி சொல்லியிருந்தது. அக்காமேல் குற்றமில்லை என்று கோப்பில் எழுதினார்.

ஆனால் அவளுடைய இரக்கம் எட்டு மாதமாகப் பொய் சொல்லியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் சோதித்த முப்பத்தொரு குளங்களுக்கும் ஆளனுப்பி, மறுபடி மாதிரி எடுத்து, தனித்த ஊமையில் விட்டார்கள். கடவுள் புண்ணியத்தில் நோய் இருந்தது ஒன்றே ஒன்றில்தான். அது அண்ணனுடையது.

அக்கா அழவில்லை. “மூணு நாள் மட்டும் குடுங்க சார். வாயாடிய அங்க கொண்டுபோறேன்.”

“குளம் குப்பியில்லம்மா.”

“மீனுங்களுக்கும் யாராவது சொல்லணுமில்ல சார்.”

பூதக்கண்ணாடி பேனாவை எடுத்து, மீன்களைக் கொல்லச் சொல்லும் ஆணையின் ஓரத்தில் ‘சந்தேகம் தீரவில்லை, மூன்று நாள் பொறுக்கவும்’ என்று எழுதினார். பொறுக்கச் சொல்லி அவர் எழுதியது அதுவே முதல்முறை. அண்ணன் வாயாடியைத் தக்கையில் கட்டி மிதக்கவிட்டார். மூன்றாம் நாள் மீன்கள் கரையைவிட்டு நடுக்குளத்துக்குப் போயின. புதிதாக எடுத்த மாதிரியில், அடுத்த அறையில் தனியாக வைத்த ஊமை சாகவில்லை.

இது நடந்து ஒன்பது வருஷம். இப்போது மீன்வளர்ப்போர் விண்ணப்பத்தில், குளத்தின் நீளம், ஆழத்துக்குக் கீழே, ‘வாயாடி: உண்டு / இல்லை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. சோதனைக்கு மட்டும் ஊமையைத் தனியறையில்தான் வைக்கிறார்கள், வேறு வழியில்லை. அந்த மூன்று நாளும் பூதக்கண்ணாடி அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். யாராவது கைவைத்துவிடுவார்களோ என்ற சந்தேகத்தில்தான் என்கிறார். நோய் இருந்தால் ஊமை மூன்றாம் நாள் சாகிறது. அவர் நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு, முடிவை எழுதப் போகிறார்.