இழுக்கக் கூடாத கயிறு

விடிந்தும் விடியாத நேரம். தகர மூடிகள் தொட்டால் விரல் விறைக்கும்படி சில்லிட்டிருந்தன. அக்கா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, பெல்ட்டில் ஓடிவரும் டப்பாக்களின் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த இடத்தில் அச்சு இறங்கி மூடியை அழுத்தும். அங்கே இன்று நின்றவள் அவள் தங்கை.

நேற்று வரை அங்கே நின்றவள் பாட்டுக்காரி. வேலை செய்தபடியே ஏதாவது முணுமுணுப்பாள், அதனால் வந்த பேர். அச்சின் முன்னால் கையைத் தடுக்கும் கம்பிவலை உடைந்து மாதக்கணக்காகிறது. கோணிய மூடியை நிமிர்த்தப் போய் நேற்று இரண்டு விரல்களைப் பறிகொடுத்தாள். ரத்தத்தைக் கழுவிவிட்டு, வலையில்லாமலேயே மெஷினை ஓட்டினார்கள். நெஞ்சில் ஈரமில்லாதவர்கள்.

"பாத்துடி," என்றாள் அக்கா.

"நீ அந்தப் பக்கம் திரும்புக்கா. நீ பாத்தா எனக்கு வேலை ஓடல."

ஒவ்வொருத்தி தலைக்கு மேலும் ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. தப்பு கண்டால் இழுக்கலாம், லைன் நின்றுவிடும் என்று சொல்லி மாட்டியது. இழுத்தவளுக்கு அன்றைய கூலி கிடையாது என்ற சட்டமும் கூடவே வாய்வார்த்தையாக வந்தது. ஆகவே கயிற்றில் சிலந்திதான் குடித்தனம் நடத்தியது.

முதலாளி ஒருவரை அழைத்து வந்தார். தரக் கட்டுப்பாட்டால் சரக்கு எப்படி நேரத்துக்குப் போய்ச் சேருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவராம்.

"இந்தக் கயித்த யாரு வேணா இழுக்கலாம் சார். இந்த வருஷம் ஒருத்தர்கூட இழுக்கல. தப்பு நடந்தாத்தானே! லாரி ஒருநாளும் லேட்டானதில்ல."

வந்தவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அப்போது ஒரு மூடி கோணியது. தங்கையின் கை தானாக உள்ளே போனது. அக்கா அலறிக்கொண்டே கயிற்றை இழுத்தாள்.

கயிற்றோடு மாட்டியிருந்த விளக்கு எரிந்தது. பெல்ட் நிற்கவில்லை. அலறல் கேட்டுக் கையை உருவிக்கொண்டதால் தங்கை தப்பினாள். அச்சு இறங்கி டப்பாவை நசுக்கிவிட்டு மேலே போனது.

"டப்பாவுல என்ன தப்பக் கண்டே?" முதலாளி உறுமினார்.

"டப்பாவுல இல்ல மொதலாளி. வலையில்லாத மெஷின்ல."

"அத அப்புறம் பாக்கலாம். நீ கணக்க முடிச்சுட்டுக் கெளம்பு."

எதிர் வரிசையிலிருந்த வாயாடி தன் கயிற்றை இழுத்தாள். "அப்ப என் கணக்கையும் சேத்து முடிங்க."

பிறகு அடுத்தவள். அதற்கும் அடுத்தவள். கொட்டகை முழுக்க விளக்குகள் எரிந்தன.

"எத்தன பேரு இழுத்தாலும் பெல்ட்டு நிக்காதுடி! அது வெறும் லைட்டு!"

ஆத்திரத்தில் உளறிவிட்டார். ஆராய்ச்சிக்காரரின் பேனா பாதி வரியில் நின்றது.

"பெல்ட்டு நிக்காட்டிப் போகுது," என்று வாயாடி கையைக் கட்டிக்கொண்டாள். "எங்க கை நிக்கும்ல?"

எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். மூடியில்லாத டப்பாக்கள் கடைசிவரை ஓடி, தரையில் தடதடவென்று விழுந்தன.

"வேலைக்கு வாசல்ல எத்தன பேரு நிக்கிறாங்க தெரியுமா?"

தெரியும். அதை நினைத்துத்தான் இத்தனை நாள் வாயைக் கட்டி வைத்திருந்தார்கள். இப்போதும் அக்கா ஒருமுறை வாசல் பக்கம் பார்த்தாள். தங்கையின் கை வந்து அவள் கையைப் பற்றியது. ஐந்து விரலும் இருந்தன.

பின்னாலிருந்து யாரோ பாட்டுக்காரியின் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.