சோப்பு டப்பாவுக்கு வந்த கண்டம்

என் வீட்டுக்காரர் சாப்பாட்டு விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. காரணம், வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த சோப்பு டப்பா.

சோப்பு டப்பா என்பது நான் வைத்த பெயர். வானொலிப் பித்துப் பிடித்த இவரும், இவருடைய கூட்டாளிகளான பல் டாக்டரும், பேங்க் கேஷியரும் ஆறு வருஷம் எங்கள் மாடி அறையை நாசமாக்கிச் செய்த குட்டிச் செயற்கைக்கோள் அது. கீழேயிருந்து ஒருவர் பேசினால் அப்படியே வாங்கித் திருப்பிச் சொல்லும். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கேட்கும்.

முந்தின நாள் எச்சரிக்கை வந்திருந்தது. பழைய ராக்கெட்டின் உடைந்த துண்டு ஒன்று குறுக்கே வருகிறது, மோதினாலும் மோதலாம் என்று.

"கொஞ்சம் ஒதுங்கிப் போகச் சொல்லுங்களேன்" என்றேன்.

"ஒதுங்குறதுக்கு அதுல எஞ்சின் ஏது? போற பாதையில போகும், அவ்வளவுதான்." அவரே தொடர்ந்தார்: "உடைஞ்சா நூறு துண்டாகும். நாளைக்கு அந்தத் துண்டு வேற யாரோடதுலயாவது போய் மோதும். அதுக்கு நான்தானே காரணம்?"

குப்பையைப் போட்டது போட்டபடி போன மகராசன் எந்த ஊரில் கால் நீட்டித் தூங்குகிறானோ, இங்கே இந்த மனுஷன் கிடந்து சாகிறார்.

ஞாயிறு மத்தியானம், ஆபத்தான நேரம் கடந்து, டப்பா எங்கள் தலைக்கு மேல் வர வேண்டிய வேளை. இந்த வானொலிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது ஆபத்து என்றால், அந்தக் குரல் கேட்கட்டும் என்று மற்றவர்கள் மைக்கைத் தொட மாட்டார்கள். இவரும் எல்லோருக்கும் தகவல் அனுப்பியிருந்தார்: "தயவுசெய்து யாரும் பேச வேண்டாம், கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்."

கேஷியர் ஆன்டெனாவை வானத்தை நோக்கிப் பிடித்தார். டாக்டர் ஸ்பீக்கரில் காதை வைத்தார். வெறும் இரைச்சல்தான் வந்தது.

"போயிடுச்சு போல" என்றார் கேஷியர்.

இவர் நாற்காலியில் சரிந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாராவது அதைக் கூப்பிட்டீங்களா? மூணு பேரும் வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? கூப்பிட்டாத்தானே அது பேசும்?"

இவர் மெல்ல நிமிர்ந்தார். "பேட்டரி வீக்கா இருக்குன்னு போன மாசம் நான்தான் இங்கேயிருந்து செட்டிங்கை மாத்தினேன். யாரும் கூப்பிடாட்டி அது தூங்கிடும்."

தானே தூங்க வைத்துவிட்டு, தானே ஊர் வாயையும் கட்டிவிட்டு, இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மைக்கை எடுக்கக் கையை நீட்டினார். எடுத்தவர் பொத்தானை அமுக்கவில்லை. கல்யாணமான புதிதில் என்னையும் பரீட்சை எழுத வைத்து, வானொலியில் பேச உரிமமும் பெயருக்குப் பதில் ஓர் அழைப்புக் குறியும் வாங்கித் தந்தவர் அவர்தான். மைக்கைப் பிடுங்கி என் அழைப்புக் குறியைச் சொன்னேன். "டப்பா, இருக்கியா?" என்றும் கேட்டேன்.

இரைச்சல் நின்றது. வானத்திலிருந்து என் குரலே ஸ்பீக்கரில் வந்தது: "டப்பா, இருக்கியா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாதே, இன்னும் பேசு" என்றார்.

என்ன பேசுவதென்று தெரியவில்லை. காலையிலிருந்து ஆறிக்கிடக்கும் சோற்றைப் பற்றிச் சொன்னேன். சாப்பிடாத மனுஷனைப் பற்றிப் புகார் சொன்னேன். டப்பா தொடுவானத்தில் இறங்கும்வரை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னது. இவர் அழுதுகொண்டே கேட்டார்.