வாத்துப் படத்துக்குச் சாமி சொன்ன பதில்

வாத்துப் படம் ஒரு படமா என்று கேட்டால், இல்லை. ஒரு கான்ஸ்டபிள் ஓடுவான், விழுவான், எழுந்து மறுபடி விழுவான். மாமியாரின் மோதிரத்தை விழுங்கிய வாத்து அவனைத் துரத்தும். அந்தக் காலத்தில் திடலில் படம் காட்டும்போது திரைக்குப் பக்கத்தில் ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் குரல் கொடுப்பான். அந்த ஒருவன் நான்தான். வாத்துக்குக் கத்தித்தான் என் தொண்டை கெட்டது.

சும்சேங் ஊர்ச் சந்தையில் மீன் உருண்டை விற்ற கிம்லாங், தன் வேண்டுதலுக்கு அந்தப் படம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் புருஷன் ஹுவாட் குடல் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, 'இவரைத் திருப்பிக் கொடு, உனக்குப் படம் காட்டுகிறேன்' என்று சந்தைக் கோயில் சாமியிடம் நேர்ந்திருந்தாள். வயிற்றில் இருபத்திரண்டு தையலோடு அவர் திரும்பி வந்தார். அவருக்குப் பிடித்த படம் சாமிக்கும் பிடிக்கும் என்பது அவள் கணக்கு.

"டாக்டர் சிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நீங்க வீட்லயே இருங்க" என்றாள்.

"நான் பொழச்சதுக்குக் காட்டுற படத்த நானே பாக்கக் கூடாதா? சும்மா உக்காந்திருக்கேன், போ."

இருட்டியதும் ஒரு தலையணையை வயிற்றில் அணைத்தபடி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முதல் வரிசை நடு நாற்காலி சாமிக்கு. அதில் யாரும் உட்கார மாட்டார்கள். வாத்து கான்ஸ்டபிளின் தொப்பிக்குள் முட்டையிட்டபோது சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஹுவாட் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் வழக்கம்போல ஆளாளுக்குத் தீர்ப்பு சொன்னார்கள். "போலீஸ்காரனை விட வாத்து நல்லா நடிச்சிருக்கு" என்றான் ஐஸ் விற்கும் பூன்மா.

"கதையும் இல்ல, கருத்தும் இல்ல. இதப் பாத்து என்னத்தக் கத்துக்கிறது?" என்றார் ஆசிரியை ரம்பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"டீச்சர், போன மாசம் பக்கத்து ஊர்ல இதே படத்துக்கு உங்களப் பாத்தேனே" என்றேன் நான்.

"அது வேற வேலையா போனேன்."

கடைசித் தீர்ப்பு சாமியுடையது. கோயிலைப் பார்த்துக்கொண்ட தெக் ஐயா இரண்டு பிறை வடிவக் கட்டைகளை எடுத்து, வேண்டுதல் தீர்ந்ததா என்று கேட்டுத் தரையில் போட்டார். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சம்மதம். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. இரண்டுமே தட்டைப் பக்கம் தெரிய நிமிர்ந்து கிடந்தால் சாமி சிரிக்கிறார், பதில் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இரண்டும் நிமிர்ந்தன. மறுபடி போட்டார், அப்படியே. மூன்றாவது முறையும் அப்படியே.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் தெக் ஐயா. "சாமிக்குன்னா வாள் சண்டைப் படம் காட்டணும். வாத்தக் காட்டுனா நம்மளப் பாத்துச் சிரிக்காம என்ன செய்யும்?"

கிம்லாங்கின் முகம் வெளுத்தது. "ஏத்துக்கலன்னா... குடுத்த உசிரத் திரும்ப எடுத்துக்குமா ஐயா?"

நான் போட்ட வாத்துக் கத்தலால் ஒரு மனிதன் உயிர் போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

ஹுவாட் பின்னாலிருந்து மெல்ல நடந்து வந்தார். "தெக்கண்ணே, எங்கிட்ட கேளு. படம் எப்படி இருந்துச்சுன்னு கேளு."

"எப்படி இருந்துச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்தத் தொப்பி ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் கோணியது, தலையணையை இறுக்கினார், பொறு என்று கையைக் காட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பேச்சு வர வெகுநேரம் பிடித்தது.

"பாத்தியா. என்னாலயே பதில் சொல்ல முடியல. சாமி மட்டும் எப்படிண்ணே சொல்லும்? சிரிச்சு முடிக்கட்டும். காலைல கேளு."

காலையில் முதல் தடவையிலேயே ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது. சம்மதம். அதற்குள் ஹுவாட்டுக்கு இரண்டு தையல் பிரிந்திருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கிம்லாங் அவரைத் திட்டிக்கொண்டே போனாளாம்.

அதன்பின் பதினொரு வருஷம் இருந்தார். ஒருநாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இறந்த நூறாம் நாள் சடங்குக்குக் கிம்லாங் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். மைக்கில் குரல் கொடுக்கும் தொழில் அப்போது முடிந்தே போயிருந்தது. நான் மோட்டார் பம்பு விற்றுக்கொண்டிருந்தேன். பரணிலிருந்து வாத்துப் படச் சுருளை இறக்கியபோது அழுகை வந்தது, எதற்கென்று பிரித்துச் சொல்ல முடியாது.

கோயில் திடலில் முப்பது பேர்கூட இல்லை. முதல் வரிசையில் இந்த முறை இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. இரண்டாவதில் அந்தத் தலையணை இருந்தது. திரையில் படத்தைவிடக் கீறல்தான் அதிகம். தொப்பிக் காட்சியில் என் வாத்துக் குரல் பாதியில் உடைந்தது. அதற்கும் சிரித்தார்கள், நல்ல ஜனங்கள்.

முடிந்ததும் கிம்லாங் யாரையும் கூப்பிடாமல் தானே கட்டைகளை எடுத்தாள். "அவர் பாத்தாரா?" என்று கேட்டுத் தரையில் போட்டாள்.

இரண்டும் நிமிர்ந்து கிடந்தன.

தெக் ஐயாவின் இடத்துக்கு வந்திருந்த ஆள் குனிந்து பார்த்தார். "பதில் வரலக்கா. இன்னொரு தடவ போடுங்க."

"வந்துருச்சு" என்றாள் கிம்லாங். தலையணையை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.