ஐந்து ஐம்பத்தைந்து பஸ்

ஐந்து ஐம்பத்தைந்து பஸ் என்று அதற்குப் பெயர். வெறும் பெயர்தான். ஐந்து ஐம்பத்தைந்துக்கு அது எந்த மூலையில் நிற்கும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. நிறுத்தத்துக் கம்பத்தில் மாட்டிய தகரப் பலகையில் 5.55 என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். பஸ் ஆறேகாலுக்கு வரும், ஆறு இருபதுக்கு வரும், என்றைக்காவது புத்தி வந்து ஆறு பத்துக்கே வந்து நின்றால் பாதிப் பேர் டீக்கடையில் இருப்பார்கள். அதுதான் அன்றைக்கு முதல் பஸ். விட்டால் அடுத்தது ஏழரைக்கு, அதுவும் பலகையில்.

மடிப்பக்கா பதினோரு வருஷமாக அந்த பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். ஆபரேஷன் தியேட்டர் துணிகளை மடித்துக் கட்டுவது அவள் வேலை. டாக்டர்கள் போடும் பச்சை அங்கியை உள்பக்கம் வெளியே தெரியும்படி, கழுத்துப் பட்டை மேலே வரும்படி மடிக்க வேண்டும். கை கழுவிவிட்டு வருகிறவர் வெளிப்பக்கத்தைத் தொடாமல் மாட்டிக்கொள்ள வேறு வழி கிடையாது. மடித்ததை எஃகு டிரம்மில் அடுக்கி, ஏழரைக்குள் நீராவி மிஷினுக்குள் தள்ளினால்தான் ஒன்பது மணி ஆபரேஷன் ஒன்பதுக்கு நடக்கும். அவள் கை பட்ட துணியில் ஒரு சுருக்கம் காட்டிவிட முடியாது. அப்படி வந்த பெயர்தான் மடிப்பக்கா. பூட்டு ரிப்பேர் பார்க்கிற அவள் வீட்டுக்காரர்கூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஏழு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். பஸ் முக்கால் மணி நேரம் ஓடும். வாரத்தில் நாலு நாள் அவள் ஏழு தாண்டித்தான் உள்ளே நுழைவாள். ஆனாலும் அவள் பேரில் பழி வராது, ஏனென்றால் லேட் சீட்டு என்று ஒன்று இருந்தது. பஸ் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் கண்டக்டர் ஒரு சின்னப் புத்தகத்திலிருந்து கிழித்துக் கொடுப்பார். பயணியின் பேர், வேலை செய்யும் இடம், எத்தனை நிமிஷத் தாமதம், கீழே கையெழுத்து. அதைக் கொண்டுபோய் நீட்டினால் மேட்ரன் வாங்கிக் கோப்பில் குத்திவிட்டு, 'சரி, போ' என்பார். சீட்டில்லாமல் லேட்டானால் சிவப்புக் கோடு. ஒரு மாதத்தில் நாலு சிவப்புக் கோடு விழுந்தால் நிரந்தரப் பட்டியலில் பேர் இருக்காது.

அந்த நிரந்தரப் பட்டியலுக்காகத்தான் அவள் பதினோரு வருஷமாகத் தினக்கூலியில் உழைத்தது. அந்த வருஷம் ஒரே ஒரு இடம். முதல் பேர் அவளுடையது.

இவ்வளவு இருந்தும் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. ஒரு நாள் பஸ் ஆறரைக்கு வந்தது. அன்றைக்கு டிரம் உள்ளே போகவே எட்டாகிவிட்டது. தியேட்டருக்கு வெளியே தள்ளுவண்டியில் ஒரு வயசானவர் முந்தின நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் இல்லாமல் படுத்திருந்தார். துணியைத் தூக்கிக்கொண்டு ஓடியவளைப் பார்த்து, "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சீட்டை மேட்ரனிடம் காட்டலாம், அந்த மனுஷனிடம் காட்ட முடியுமா? அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலமே ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டாள். தேதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம்.

"பஸ் வரலன்னா அது ஒரு சேதியா? வந்தாத்தான் சேதி. அத எழுது, நோட்டு மிச்சமாகும்," என்றார் வீட்டுக்காரர்.

"சிரிங்க. கையில ஆதாரம் இல்லாம போய் நின்னா எவன் மதிப்பான்?"

"ஆதாரத்தோட போனா மட்டும் ஆரத்தி எடுப்பானா?"

தொண்ணூற்றிரண்டு நாள் எழுதினாள். ஜுரத்திலும் எழுதினாள். ஒரு நாள் பஸ் ஐந்து ஐம்பதுக்கே வந்து, ஆளில்லாமல் ஓடிப்போனதாக டீக்கடையில் சொன்னதையும் மறைக்காமல் எழுதினாள். நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் எல்லாம், "அக்கா விடாதீங்க, நாலு கேள்வி நறுக்குன்னு கேளுங்க," என்று ஏற்றிவிட்டார்கள். கூட வருகிறேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

டிப்போ மாடியில் நேரப் பிரிவு என்று ஒரு அறை. சுவர் முழுக்க அட்டவணை, மேஜை முழுக்கச் சீவின பென்சில். நேர அதிகாரி மெலிந்த மனிதர். நோட்டை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார், இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"இது நீங்களே எழுதினதாம்மா?"

"ஆமாங்க."

"தொண்ணூத்திரண்டு நாளும்?"

"ஞாயித்துக்கிழமையும் சேத்துத்தாங்க. எங்களுக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது."

அவர் டீ வரவழைத்தார். பதினோரு வருஷத்தில் எந்த ஆபீஸிலும் அவளுக்கு யாரும் நாற்காலிகூடக் காட்டியதில்லை. இவர் டீயே கொடுக்கிறார். மனம் குளிர்ந்துபோனாள். அவர் சுவரில் இருந்த அட்டவணையைக் காட்டி விளக்கினார். அந்த நேரங்கள் சாலையில் வண்டியே இல்லாத காலத்தில் போட்டவை. டிரைவர் டிப்போவில் வண்டியை எடுத்து, டயர் பார்த்து, டீசல் போட்டு, இரண்டு சிக்னல் தாண்டி வருவதற்கு அப்போது பத்து நிமிஷம். இப்போது முப்பத்தைந்து. ஆனால் பலகையில் இன்னும் அந்தப் பத்து நிமிஷம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

"அப்ப வண்டிய முன்னாடியே எடுக்கச் சொல்லலாமேங்க," என்றாள் மடிப்பக்கா. பச்சைக் குழந்தைக்கும் தோன்றுகிற விஷயம்.

"அது டிரைவரோட டியூட்டி நேரம். அதுக்குத் தனி பிரிவு, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நான் பலகையில இருக்கற நேரத்தைத்தான் பாக்க முடியும். ஒண்ணு புரிஞ்சுக்கணும்மா. டைம் டேபிள்ங்கறது பஸ் எப்ப வரணும்னு சொல்றதில்ல. எப்ப வருதுன்னு சொல்றது."

அவளுக்கு அது புரியவில்லை. படித்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினாள். நோட்டை அவரே வைத்துக்கொண்டார். "கவலைப்படாதீங்க, நடவடிக்கை எடுத்துர்றேன்." அன்று வீட்டுக்கு வந்தவள் கால் தரையில் இல்லை. "பாத்தீங்களா, மரியாதையா உக்கார வெச்சுப் பேசினார்," என்று வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொன்னாள்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, நிறுத்தத்தில் ஒரே கூட்டம். எல்லாரும் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே தகரத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் புதுசாக எழுதியிருந்தார்கள்: 6.20.

படுபாவிகள், பஸ்ஸைத் திருத்தவில்லை. நேரத்தைத் திருத்திவிட்டார்கள். இருபத்தைந்து நிமிஷத் தாமதத்தை ஒரே ராத்திரியில் ஒழித்துக்கட்டிவிட்டார்கள். அவள் எழுதிய தொண்ணூற்றிரண்டு நாளைக் கூட்டி வகுத்து, அதையே சட்டமாக்கிவிட்டார்கள்.

பஸ் ஆறு முப்பதுக்கு வந்தது. பின்னே, ஆறு இருபது என்று பலகையே சொல்லும்போது டிரைவர் எதற்கு அவசரப்பட வேண்டும்?

"சீட்டு குடுங்க தம்பி," என்றாள் கண்டக்டரிடம்.

"பத்து நிமிஷம்தானேக்கா. பதினஞ்சு ஆனாத்தான் சீட்டு."

"இருபத்தஞ்சும் பத்தும் முப்பத்தஞ்சு."

"அது பழைய கணக்கு. இனிமே நாங்க லேட்டே கிடையாது," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க நோட்டுதான்னு டிப்போவுல பேசிக்கறாங்க."

அவர் தாழ்த்தின குரல் கடைசி சீட் வரைக்கும் கேட்டது. நேற்றுவரை 'விடாதீங்க' என்று சொன்ன மில் சூப்பர்வைசர், "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தாச்சு," என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். மடிப்பக்காவுக்கு முகம் எரிந்தது. முதல் சிவப்புக் கோடு அன்று விழுந்தது.

செவ்வாய்க்கிழமை விடியுமுன்பே வீட்டுக்காரர் சைக்கிளில் உட்கார வைத்து மிதித்தார். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஆட்டோ என்பது நினைத்துப் பார்க்கவே முடியாதது. பதினேழு கிலோமீட்டர். பாதி வழியில் மேடு ஏற முடியாமல் இரண்டு பேரும் இறங்கித் தள்ளினார்கள். "உன்னைக் கல்யாணம் பண்ணின அன்னிக்கே ஒரு மோட்டார் சைக்கிள் கேட்டிருக்கணும்," என்று மூச்சு வாங்கினார். ஏழு பன்னிரண்டு. இரண்டாவது கோடு. புதன்கிழமை பஸ் ஆறு முப்பத்து நாலு. பதினாலு நிமிஷம். கண்டக்டர் அவள் கண்ணைப் பார்க்காமல் விரலால் பதினாலு என்று காட்டினார். மூன்றாவது கோடு.

மேட்ரன் கெட்டவர் இல்லை. அன்று அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை பட்டியல் போகுது. இன்னும் ஒரு கோடு விழுந்தா என் கையில ஒண்ணும் இல்ல. நாளைக்கு ஒரு நாள். ஒண்ணு ஏழுக்கு வா, இல்லன்னா சீட்டோட வா."

வேலை முடிந்ததும் நேராக டிப்போவுக்குப் போனாள். நேர அதிகாரி அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றார். "வாங்கம்மா. நேரம் தவறாம ஓடறதுல இந்த வாரம் உங்க ரூட்டுதான் முதலிடம், தெரியுமா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பட்டியல், கோடு, சீட்டு, பதினோரு வருஷம். சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்தவள் பாதியில் அழுதுவிட்டாள். அவர் பென்சிலை உருட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஆதாரத்தை வெச்சு மாத்தினதை, ஆதாரம் தப்புன்னாத்தான் திருப்ப முடியும். நோட்டுல இருக்கறது தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, பழைய நேரம் தானா வந்துடும். உங்களுக்கும் சீட்டு கிடைக்கும்."

"அதுல ஒரு வரி தப்பில்லீங்களே."

"எனக்குத் தெரியுது. பேப்பருக்குத் தெரியணும்ல?"

சுற்றி வளைத்துப் பார்த்தால் அவர் கேட்டது இவ்வளவுதான்: பஸ் லேட் என்று சீட்டு வாங்க வேண்டுமானால், பஸ் லேட்டே இல்லை என்று எழுதிக் கொடு. கிணறு வெட்டப்போன இடத்தில் பூதம் கிளம்பி, அந்த பூதமே கையெழுத்துக் கேட்கிறது. வாழ்க்கையில் ஒரு பொய்க் கணக்கு எழுதியதில்லை அவள். வீட்டில் இருக்கிற மனுஷன் சைக்கிளைத் தள்ளினது நினைவுக்கு வந்தது. பேனா கேட்டாள்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். "நான் கொடுத்த குறிப்புகள் தவறானவை. மேற்படி பேருந்து எல்லா நாட்களிலும் குறித்த நேரத்திலேயே வந்தது."

"எல்லா நாட்களிலும்னு போடணுமாங்க?"

"போட்டாத்தான் செல்லும்."

போட்டாள். கையெழுத்து மட்டும் கோணிப்போனது. அவர் முத்திரை குத்திவிட்டு, "நாளைக்கே மாறிடும்," என்றார். பஸ் ஓட்டத் தெரியாத ஆபீஸுக்குப் பலகையைத் திருப்ப எவ்வளவு நேரமாகும்?

சொன்னபடியே வியாழக்கிழமை காலை பலகை திரும்பியிருந்தது. 5.55. பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. நிறுத்தத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். மில் சூப்பர்வைசரே, "எப்படியோ சாதிச்சுட்டீங்க," என்று நகர்ந்து இடம் கொடுத்தார். பஸ் ஆறு இருபத்தொன்றுக்கு வந்தது. இருபத்தாறு நிமிஷம் தாமதம். பஸ் லேட்டானதற்காக அவள் அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை வேறு எவரும் பட்டிருக்க மாட்டார்கள்.

கண்டக்டர் சீட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொரு சீட்டாக வந்தார். பேர் கேட்டு, எழுதி, கிழித்து, கொடுத்துக்கொண்டே வந்தார். மில் சூப்பர்வைசருக்கு ஒன்று. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூட டீச்சருக்கு ஒன்று. மடிப்பக்கா கையை நீட்டினாள். அவர் அவளைத் தாண்டிப் போனார்.

"தம்பி, எனக்கு?"

அவர் திரும்பி வந்து பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். டிப்போ முத்திரை போட்டது. அவள் பேரும் ஆஸ்பத்திரியின் பேரும் அதில் இருந்தன. "அக்கா, உங்களுக்கு மட்டும் குடுக்கக் கூடாதுன்னு ஆர்டர். பஸ் எல்லா நாளும் நேரத்துக்குத்தான் வருதுன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்களாம். அப்படி எழுதிக் குடுத்தவங்களுக்கு லேட்டுன்னு சீட்டு குடுத்தா, எது பொய்னு ஆடிட்ல கேப்பாங்களாம்."

"இப்ப மணி என்னன்னு உங்களுக்குத் தெரியாதா தம்பி?"

"தெரியும்கா. எனக்கும் என் வேலை போகாம இருக்கணுமில்ல."

டீச்சர் தன் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். அதில் டீச்சர் பேர் எழுதியிருந்தது, மடிப்பக்காவுக்குக் கொடுத்தாலும் செல்லாது. மடிப்பக்கா நீட்டின கையை மடியில் வைத்துக்கொண்டாள். கத்தலாம் என்று வாய்வரை வந்தது. என்னவென்று கத்துவது? எழுதினது அவள், கையெழுத்து அவளுடையது.

ஏழு ஆறுக்கு உள்ளே போனாள். மேட்ரன் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுக்காகவே நின்றிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"பஸ் லேட்தானே? சீட்டைக் குடு, போ."

"இல்லீங்க மேடம். பஸ் நேரத்துக்குத்தான் வந்துச்சு," என்றாள் மடிப்பக்கா. "நான்தான் லேட்."

மேட்ரன் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார்.