எல்லோருக்கும் எழுபத்திரண்டு

காலையிலிருந்து நான்கு மாணவிகள் நாடி பார்த்து முடித்துவிட்டார்கள். நான்கு பேரும் சொன்ன எண் எழுபத்திரண்டு.

கைப்பேசி வீடியோவில் பரீட்சை நடத்திக்கொண்டிருந்த நர்சிங் ஆசிரியைக்குச் சந்தேகம் வந்தது. எழுபத்திரண்டு என்பது பாடப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் எண். நிஜ மனிதர்களுக்கும் அப்படி இருக்கக்கூடும்தான். ஆனால் ஒரு வீட்டில் அப்பா, இன்னொரு வீட்டில் தங்கை, வேறொரு வீட்டில் மாமா என்று நோயாளிகளாகப் படுத்துக்கொண்ட அத்தனை பேருக்கும் அதே எண் வருமா? வரவே வராது என்று அடித்துச் சொல்லவும் அவளால் முடியவில்லை. கைப்பேசித் திரையில் தெரிந்ததெல்லாம் ஒரு மணிக்கட்டு, அதன் மேல் மூன்று விரல்கள், சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும் ஒரு முகம். விரலுக்கு அடியில் ஏதாவது துடித்ததா, துடித்ததை விரல் உணர்ந்ததா என்று திரை எப்படிச் சொல்லும்?

வழக்கமாக இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மாணவி நோயாளியின் ஒரு கையைப் பிடிக்கும்போது, பரீட்சை வைப்பவர் மறு கையைப் பிடித்துக்கொள்வார். இருவரும் ஒரே நேரத்தில் எண்ணுவார்கள். எண்கள் பொருந்தினால் மதிப்பெண். தொற்று பரவி, கல்லூரியையும் வார்டையும் மாணவிகளுக்கு மூடிய பிறகு அந்த மறு கை எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

விரலில் மாட்டினால் நாடித் துடிப்பைக் காட்டும் கருவி இருந்தால் சரிபார்க்கலாம். கடைகளில் அது கிடைக்காமல் வாரங்கள் ஆகிவிட்டன. மூன்றாவது மாணவியின் மாமாவைக் கொஞ்சம் குதிக்கச் சொல்லிப் பார்த்தாள். குதித்தால் துடிப்பு கூடும் என்பது யாருக்குத்தான் தெரியாது? அந்தப் பெண் சற்றும் யோசிக்காமல் "தொண்ணூறு மேடம்" என்றாள். மாமாதான் பாவம், மூச்சு வாங்கியபடி உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த மாணவிக்கு முன் கைப்பேசி ஒலித்தது. தொற்று வார்டின் தலைமை நர்ஸ். ஆசிரியையின் அண்ணன் படுத்திருப்பதும் அந்த வார்டில்தான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"எத்தனை பேர் தேறுனாங்க?"

"இன்னும் முடியலடி."

"சீக்கிரம் முடி. தேறுனவங்கள நாளைக்குக் காலைலயே அனுப்பிடு, இங்க நிக்க ஆள் இல்ல. என் நர்ஸுங்கள்ல பாதிப் பேர் இப்போ கட்டில்ல கிடக்காங்க."

"அண்ணன் எப்படி இருக்காரு?"

எதிர்முனையில் சக்கரம் வைத்த ஏதோ ஒன்று தடதடவென்று கடந்து போகும் சத்தம் கேட்டது.

"காலைல பேசினாரு. இப்போ தூங்குறாரு. விரல் சில்லுனு இருக்கு, அதனால மெஷின் பிடிக்க மாட்டேங்குது. கையப் பிடிச்சுத்தான் பார்க்க வேண்டியிருக்கு." குரல் தாழ்ந்தது. "இதக் கேளு. போன வாரம் வேற காலேஜ்லேருந்து ஒரு பொண்ணு வந்தா. நல்ல பொண்ணு, ஓடி ஓடி வேலை செஞ்சா. உங்க அண்ணனுக்கு அடுத்த கட்டில்ல இருந்தவருக்குப் பல்ஸ் எழுபத்திரண்டுன்னு சொன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு நான் போய்த் தொட்டேன். என் விரல்ல ஒண்ணுமே சிக்கல."

ஆசிரியை கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அவள எப்படித் திட்டுறது? யாரும் அவ விரலப் பிடிச்சு வெச்சுக் காட்டல. வீடியோல பார்த்துப் பாஸ் போட்டு அனுப்பிட்டாங்க. எனக்கு ஆள் வேணும்டி. ஆனா தெரிஞ்ச கையா அனுப்பு."

இணைப்பு துண்டான பிறகும் கைப்பேசி அவள் காதிலேயே இருந்தது. பாஸ் போட்டால், நாளை எழுபத்திரண்டு என்று ஒப்பிக்கும் ஒரு விரல் அண்ணனின் மணிக்கட்டில் இருக்கும். போடாவிட்டால், அவர் கட்டிலுக்கு வர எந்த விரலும் இருக்காது. இரண்டில் எது மேல்?

நெஞ்சு அடித்துக்கொண்டதில், தொழில் பழக்கத்தால் அவளே தன் மணிக்கட்டைப் பிடித்தாள். தறிகெட்டு ஓடியது. பதறும் நோயாளிகளிடம் சொல்வதைத் தனக்கும் சொல்லிக்கொண்டாள்: மூச்சை மெதுவாக இழு, மெதுவாக விடு. இழுத்தாள். விரலடியில் துடிப்புகள் நெருங்கி நெருங்கி வந்தன. விட்டாள். ஒன்றுக்கொன்று இடம் விட்டு விலகின.

மறுபடி இழுத்தாள். மறுபடி நெருங்கின.

புதிய விஷயமே இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் விரைவதும், வெளியே விடும்போது தளர்வதும் இயற்கை. வயதானவர்களிடம் இது மங்கிவிடும். இளம் வயதில் நன்றாகவே தெரியும். வருடா வருடம் அவளே வகுப்பில் சொல்லிக் கடந்துவிடுகிற ஒரு வரி. இன்று அந்த வரியில் கால் தடுக்கி நின்றாள். நாடி திரையில் தெரியாது. மூச்சு தெரியுமே.

ஐந்தாவது மாணவி திரைக்கு வந்தாள். வாய் ஓயாததால் வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவளுடைய அண்ணன் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தான்.

"வணக்கம் மேடம். கை கழுவியாச்சு, நோயாளிகிட்ட சம்மதம் வாங்கியாச்சு."

"மிரட்டி வாங்கினா மேடம்," என்றான் நோயாளி.

ரேடியோ விரல்களை வைத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், "எழுபத்தாறு மேடம்" என்றாள்.

எண் மாறிவிட்டதே என்று ஒரு கணம் ஆசிரியைக்கு உயிர் வந்தது. முன்னால் முடித்தவர்கள் வேறு எண் சொல்லும்படி வாட்ஸாப்பில் எச்சரித்திருந்தால்? வந்த உயிர் போய்விட்டது.

"ஒரு ஸ்பூன் எடுத்துக்கோ. கண்ண மூடிக்கோ. ஒவ்வொரு துடிப்புக்கும் மேசைல ஒரு தட்டு. தம்பி, நீங்க மூச்ச நல்லா ஆழமா, மெதுவா இழுத்து விடுங்க. சத்தம் வரக் கூடாது."

அவன் நெஞ்சு உயர்ந்தது. டக், டக், டக். தாழ்ந்தது. டக், டக், டக். கடிகாரம் தோற்றுப்போகும் சீர். மூச்சோடு தட்டல் மாறவே இல்லை.

"நிறுத்தும்மா. உன் விரல்ல என்ன தெரியுது?"

ரேடியோ கண்ணைத் திறந்து, பக்கத்தில் படுத்திருந்த அண்ணனைப் பார்த்தாள்.

"அக்கம்பக்கம் பார்க்காத. என்கிட்ட சொல்லு."

"ஒண்ணும் தெரியல மேடம். எப்பவுமே தெரிஞ்சதில்ல. வார்டு போஸ்டிங் ஆரம்பிக்கிறதுக்குள்ள மூடிட்டாங்க. தெரியலன்னு சொன்னா ஃபெயில் பண்ணிடுவீங்களோன்னு..." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பல்ஸே இல்லன்னு நினைச்சுப் பயந்துட்டேன்," என்றான் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. அவன் எட்டித் தங்கையின் தலையைத் தட்டினான். "அழாத. கை எங்கயும் போயிடாது, நல்லா தேடு."

ஆசிரியை கைப்பேசியை அருகில் கொண்டுவரச் சொன்னாள். தவறு பளிச்சென்று தெரிந்தது. விரல்கள் மணிக்கட்டின் நடுவில், நரம்பு மாதிரி விறைத்து நிற்கும் தசைநார் மேல் இருந்தன. நுனி வெளுக்கும் அளவுக்கு அழுத்தம் வேறு.

"கட்டை விரல் பக்கம் நகரு. எலும்புக்கும் நாருக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கும். அதுல வை. அமுக்கினா ரத்தக் குழாய் நசுங்கிடும், தெரியாது. முதல்ல சும்மா வை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அழுத்து."

ரேடியோவின் முகம் சட்டென மாறியது. "மேடம். அடிக்குது."

"கண்ண மூடு. தட்டு."

நெஞ்சு உயர்ந்தது. டக் டக் டக் டக். தாழ்ந்தது. டக்... டக்... டக். மறுபடி உயர்ந்தபோது மறுபடி நெருங்கியது. இந்த விரல் நாளை வார்டில் ஆசிரியையின் அண்ணன் கையைப் பிடிக்கும். ஆசிரியைக்குப் பயம் போகவில்லை. ஆனால் பாஸ் போட்டாள்.

பிறகு முதல் நான்கு பேரையும் திரும்ப அழைத்தாள். இளம் வயதுக்காரர் ஒருவரைப் படுக்க வைக்கும்படி நால்வரிடமும் சொன்னாள். அவர்கள் வருவதற்குள் மற்ற பரீட்சகர்களுக்கு அனுப்பிய குரல் பதிவில் காரணம் எதுவும் சொல்லவில்லை, வழியை மட்டும் சொன்னாள்:

"இளம் வயசு ஆளா படுக்க வைங்க. மெதுவா, ஆழமா மூச்சு விடச் சொல்லுங்க. மாணவி கண்ண மூடிட்டு ஒவ்வொரு துடிப்புக்கும் தட்டட்டும். ஏன்னு அவகிட்ட சொல்லாதீங்க. நீங்க நெஞ்சப் பாருங்க, தட்டலக் கேளுங்க. மூச்சு உள்ள போறப்போ தட்டல் நெருங்கி, வெளிய வர்றப்போ விலகினா விரல் நாடில இருக்கு. ஒரே சீரா இருந்தா, விரல் எங்க இருக்குன்னு காட்டச் சொல்லி, சரியான இடத்துல வைக்கவெச்சு, மறுபடி தட்டச் சொல்லுங்க."