ரெசிட் இல்லாத பாலர் பள்ளி

"ஒரு ரெசிட்தானே டீச்சர் கேட்டேன், என்னமோ உங்க—"

"ஒரு ரெசிட்டா? யாரு அனுப்பிச்சா உன்னை? முதல்ல அதைச் சொல்லு!"

"—வீட்டு கிராண்ட்டையே என் பேருல எழுதிக் கேட்ட மாதிரி…"

"அந்தப் போனைக் கீழ வை. ரெகார்ட் பண்றியா?"

நிர்மலாதேவி கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து ஒரு குட்டி நாற்காலியில் வைத்தாள். புலாவ் செபாங்கில் அருளம்மாள் தன் வீட்டுக் காடி நிறுத்துமிடத்தில்தான் பாலர் வகுப்பு நடத்துகிறாள். பெயர்ப்பலகை இல்லை, பதிவும் இல்லை. பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் தாய்மார்கள் விடியலிலேயே பிள்ளைகளை இங்கே இறக்கிவிட்டுப் போவார்கள். நிர்மலாவும் அவர்களில் ஒருத்தி.

"வெளிய காடியில யாரு? ஆபிசரா?"

"என் வீட்டுக்காரர் டீச்சர். புவனேஷ். தெரியாதா உங்களுக்கு?"

"தெரிஞ்சவரு ஏன் இறங்கல?"

"உங்ககிட்ட கேக்க வெக்கமாம்."

"அந்த மனுசனுக்கா? வெக்கமா?"

நிர்மலா அதைக் காதில் வாங்காமல் தொடர்ந்தாள். "பாலர் பள்ளிக் கட்டணத்தை இன்கம் டேக்ஸ்ல கழிச்சுக்கலாம்னு வேலையில மோகனா சொன்னா. மூவாயிரம் வெள்ளின்னு வரிப் பாரத்துல தட்டிட்டேன். இப்ப ரெசிட் காட்டுன்றாங்க. காட்டலேன்னா கழிவும் போச்சு, மேல அபராதமும் போடுவாங்களாம்."

"தட்டுறப்ப என்னைக் கேட்டியா?"

"எல்லாரும்தான் தட்டுறாங்க…"

"எல்லாருமா? வேற யாரு? இங்க பிள்ளையை விடுற வாணியா? அவளும் என் பேருல தட்டியிருக்காளா?"

"அது எனக்குத் தெரியாது டீச்சர். நீங்க வெறும் தாள்ல எழுதிக் குடுங்க, போதும்லா."

"தாள்ல என் பேரு இருக்கும். பேரைப் பார்த்தா பதிவு நம்பர் எங்கேம்பான். நம்பர் இல்லேன்னா வீட்டுக்கே வருவான். அப்புறம் இந்த நாற்காலி எல்லாம் லோரியில ஏறும். நானும் கூடவே ஏறணுமோ என்னமோ."

"அப்ப மாசாமாசம் நான் குடுத்த காசு?"

"காசா? நீ குடுத்தது அங்பாவ், உறையில வச்ச அன்பளிப்பு."



"டீச்சர் கையில வெறும் நோட்டை நீட்டக் கூடாதுன்னு மரியாதைக்கு உறையில போட்டுக் குடுத்தேன்!"

"மரியாதைக்குக் குடுத்ததுக்கு எந்த ஊருல ரெசிட் எழுதுறாங்க?"

"மரியாதை ரெண்டு நாள் லேட்டானா வாட்ஸ்அப்ல கேப்பீங்களா டீச்சர்?"

அருளம்மாளின் குரல் சட்டென்று இறங்கியது.

"அந்த மெசேஜ் இன்னும் வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"அழிச்சிடு."

"ஏன்? என்கிட்ட இருக்கிற ஒரே சாட்சி அதுதானே."

"வரி ஆபிசுக்கு அனுப்பிட்டியா?"

"இல்ல."

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. வேற என்ன செஞ்சே?"

நிர்மலா வெளியே காடியைப் பார்த்தாள். புவனேஷ் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தான்.

"போன் பண்ணாங்க. எந்தப் பாலர் பள்ளின்னு கேட்டாங்க. பதறிட்டேன் டீச்சர். வீட்டுல ஒருத்தங்க நடத்துறாங்கன்னு சொல்லிட்டேன். சத்தியமா பேரு சொல்லல. இடம் மட்டும்… ரயில் ஸ்டேசன் பக்கம்னு…"

அருளம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். சுவரில் இருந்த எழுத்துப் படத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்தாள். சுருட்டி உள்ளே வைத்துவிட்டு வந்து நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள்.

"டீச்சர், விடுங்க. கழிவே வேணாம். தெரியாம தட்டிட்டேன்னு சொல்லி அபராதத்தைக் கட்டிடுறேன். யாரும் வர மாட்டாங்க."

"இதையும் மோகனாதான் சொன்னாளா?"

கைப்பேசியை எடுத்து நிர்மலாவின் கையில் திணித்துவிட்டு, அது இருந்த நாற்காலியையும் அடுக்கில் செருகினாள். பிறகு கேட்டைப் பாதி இழுத்து, அவள் வெளியே போகட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றாள்.

நிர்மலா நகரவில்லை.

"நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட் டீச்சர். பிள்ளையை எங்க விடுறது?"